ஒரே ஐஸ்கஸி வட்டை இரண்டு சேர்வர்களில் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்யலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கல்முனையில் ஒரு சிறிய அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், மெய்நிகர் கணினிகளை (ஒரு சேர்வருக்குள் மென்பொருளாக இயங்கும் கணினிகளை) ஓட்டும் புரொக்ஸ்மொக்ஸ் நிறுவிய இரண்டு சேர்வர்களையும், வலையமைப்பு வழியே சேமிப்பிடம் தரும் ஒரு நாஸ் பெட்டியையும் வைத்திருக்கிறார். நாஸில் உருவாக்கிய ஒரு லன்னை (சேர்வருக்குத் தனி வட்டாகத் தோன்றும் சேமிப்பிடத்தை), வலையமைப்பு வழியே வட்டைக் கொடுக்கும் ஐஸ்கஸி முறையால் இரண்டு சேர்வர்களுக்கும் கொடுத்து, அதில் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை உருவாக்கி, இரண்டிலும் மவுண்ட் செய்திருக்கிறார், அதாவது பயன்பாட்டுக்கு இணைத்திருக்கிறார். முதல் சேர்வரில் எழுதிய கோப்பு இரண்டாவதில் தெரியவில்லை. அன்மவுண்ட் செய்து மீண்டும் மவுண்ட் செய்தால் தெரிகிறது. இதைத் தானாகத் தெரியவைக்க ஏதேனும் அமைப்பு உண்டா என்பதே அவருடைய கேள்வி.

அப்படி ஓர் அமைப்பு இல்லை. அதைவிட அவசரமான செய்தி, உங்கள் தரவு இப்போதே ஆபத்தில் இருக்கிறது என்பதுதான். இரண்டாவது சேர்வரில் இனி எதையும் எழுதாதீர்கள். அன்மவுண்ட் செய்து மீண்டும் மவுண்ட் செய்வதையும் நிறுத்துங்கள், ஏனெனில் ஒவ்வொரு அன்மவுண்டின்போதும் அந்தச் சேர்வர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய விவரங்களை வட்டில் எழுதக்கூடும். வழக்கமாக வேலை நடக்கும் முதல் சேர்வரிலிருந்து எல்லாக் கோப்புகளையும் வேறொரு வன்தட்டுக்குப் பிரதி எடுத்து, முக்கியமான சிலவற்றைத் திறந்து சரிபாருங்கள். அதன் பிறகு அந்தக் கோப்பு முறைமையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. மவுண்ட் ஆகியிருக்கும் நிலையில் பழுது திருத்தும் கட்டளையை ஓட்டவே கூடாது.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமே காரணம். சில ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்பு நகரில் நான் பணியாற்றிய ஒரு தனியார் நிறுவனத்தில், மார்கழி அடைமழை நாளொன்றில் மின்சாரம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தபோது, முதல் சேர்வர் பதிலளிக்கவில்லை என்று எண்ணி, அதே லன்னை இரண்டாவது சேர்வரில் மவுண்ட் செய்தேன். முதல் சேர்வர் இறந்திருக்கவில்லை. அதற்கும் என் மேசைக்கும் இடையிலிருந்த சுவிட்ச் மட்டுமே நின்றிருந்தது. சேமிப்பகத்துக்குச் சென்ற கேபிள் வேறு சுவிட்சில் இருந்ததால், முதல் சேர்வர் தன் வேலையைத் தொடர்ந்து எழுதிக்கொண்டேயிருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் இரண்டும் ஒரே வட்டில் எழுதின. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. மறுநாள் காலையில் கோப்புறைகள் சில வெறுமையாகவும், சில கோப்புகளுக்குள் வேறு கோப்புகளின் உள்ளடக்கமாகவும் இருந்தன. முந்தைய வெள்ளிக்கிழமைப் பிரதியிலிருந்து மீட்டோம். இடைப்பட்ட நாட்களின் பதிவுகளை ஊழியர்கள் காகிதங்களைப் பார்த்து மீண்டும் உள்ளிட வேண்டியிருந்தது. அவர்கள் இரவு வரை இருந்து அதைச் செய்ததை நான் மறக்கவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். ஐஸ்கஸி உங்களுக்குக் கொடுப்பது கோப்புகளை அல்ல, எண்ணிடப்பட்ட வெற்றுத் தொகுதிகளை மட்டுமே. எந்தத் தொகுதி எந்தக் கோப்புக்கு உரியது, எது காலியாக இருக்கிறது என்ற கணக்கை வைத்திருப்பது சேர்வரிலுள்ள கோப்பு முறைமை. எக்ஸ்ட்4, எக்ஸ்எப்எஸ், விண்டோஸின் என்ரிஎப்எஸ் ஆகிய மூன்றும், வட்டில் எழுதுகிறவர் தாம் ஒருவரே என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. அதனால் அந்தக் கணக்கின் பெரும்பகுதியை வேகத்துக்காக நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, வட்டை மீண்டும் வாசிக்காமல் வேலை செய்கின்றன. ஒரே கடைக்கு இரண்டு கணக்கப்பிள்ளைகள், ஒருவர் கொப்பியை மற்றவர் பாராமல், தத்தம் கொப்பியில் மட்டும் இருப்பைக் கழித்துக்கொண்டு போவதைப் போன்றது இது. முதல் சேர்வர் காலி என்று எண்ணும் தொகுதியையே இரண்டாவதும் காலி என்று எண்ணி வேறொரு கோப்புக்குக் கொடுத்துவிடும்.

இரண்டாவதில் வாசிப்பதற்கு மட்டும் மவுண்ட் செய்தால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. அதுவும் பாதுகாப்பானதன்று. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை எழுதும் நிலையில் மவுண்ட் ஆகியிருக்கும்போது, அதில் மீட்பு தேவை என்ற குறி இடப்பட்டிருக்கும். வாசிப்பு நிலையில் மவுண்ட் செய்யும் மற்றச் சேர்வர் அந்தக் குறியைக் கண்டு, ஜேர்னல் எனப்படும் பதிவேட்டில் உள்ளவற்றை வட்டில் எழுதி முடிக்க முயலும். வாசிக்க மட்டும் வந்தவர் எழுதிவிடுகிறார். எக்ஸ்ட்4இல் இரட்டை மவுண்ட் பாதுகாப்பு என்ற ஒரு வசதி உண்டு. அதை இயக்கினால், வேறொரு சேர்வர் அந்த வட்டைப் பயன்படுத்துகிறதா என்று சோதித்து மவுண்டை மறுத்துவிடும். இயல்பாக அது இயங்காது, நாமே இயக்க வேண்டும். என்னுடைய அந்த மழை நாளில் அது இயங்கியிருந்தால் எதுவும் கெட்டிருக்காது.

எங்கள் பகுதியில் ஒரு கண்டத்து (வயல் தொகுதியின்) வயல்களுக்கு வரும் வாய்க்கால் நீரை யார் எந்த முறையில் எடுப்பது என்பதை வட்டவிதானை எனப்படும் பொறுப்பாளர் பார்த்துக்கொள்கிறார். வாய்க்காலுக்கு முறை தெரியாது. திறந்த மடை வழியே நீர் பாயும். வட்டும் அப்படித்தான். நாஸின் அமைப்புத் திரையில் ஒரே லன்னுக்குப் பல சேர்வர்களை அனுமதிக்கும் தெரிவில் சரி அடையாளம் இட்டால், நாஸ் அனுமதிக்கும். அவற்றுக்கிடையே முறை வகுத்துத் தராது. ஆகவே, பகிர்வுச் சேமிப்பகத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது எழுதும் உரிமையை யார் பங்கிடுகிறார் என்பதே. வேகம், கொள்ளளவு ஆகியவை அதற்குப் பின்னர் வரட்டும்.

உங்கள் நிலைக்கு மூன்று வழிகள் உண்டு. கோப்புகளை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதுதான் தேவையென்றால், ஐஸ்கஸியை விட்டுவிட்டு, வட்டுக்குப் பதிலாகக் கோப்புகளையே வலையமைப்பில் பகிரும் என்எப்எஸ் முறையைப் பயன்படுத்துங்கள். அங்கே கோப்பு முறைமை நாஸுக்குள் இருக்கிறது, கணக்கப்பிள்ளை ஒருவரே. சேர்வர்கள் அவரிடம் கேட்டு வாங்குகின்றன. மெய்நிகர் கணினிகளின் வட்டுகளையும் அதில் கியூகவ்2 எனும் வடிவக் கோப்புகளாக வைக்கலாம், ஸ்னாப்ஷொட்டும் (ஒரு கணத்தின் நிலைப் பதிவும்) கிடைக்கும். சிறிய அலுவலகங்களுக்கு நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது இதையே.

ஐஸ்கஸிதான் வேண்டுமென்றால், லன்னின் மேல் கோப்பு முறைமை எதையும் இடாமல், எல்வீஎம் (வட்டைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) தொகுதிக் குழுவொன்றை உருவாக்கி, புரொக்ஸ்மொக்ஸில் அதைப் பகிரப்பட்டது எனக் குறியுங்கள். ஒவ்வொரு மெய்நிகர் வட்டும் ஒரு தனி எல்வீஎம் பகுதியாக இருக்கும். புதிய பகுதியை உருவாக்குவது, அழிப்பது போன்ற வேலைகளுக்குப் புரொக்ஸ்மொக்ஸ் கிளஸ்டர் (இணைந்து இயங்கும் சேர்வர்களின் குழு) முழுவதற்குமான பூட்டை எடுத்துக்கொள்கிறது. ஒரு மெய்நிகர் கணினியின் அமைவுக் கோப்பு ஒரு நேரத்தில் ஒரு சேர்வருக்கு மட்டுமே உரியதாக இருப்பதால், அதன் வட்டில் எழுதுபவரும் ஒருவராகவே இருக்கிறார். இங்கே ஒரு கவனம் தேவை: எல்வீஎம்மின் மெல்லிய ஒதுக்கீட்டு வகையை இப்படிப் பகிர முடியாது, ஏனெனில் அதன் கணக்கேட்டை ஒரு சேர்வர் மட்டுமே கையாள இயலும்.

மூன்றாவது வழி, ஜிஎப்எஸ்2, ஓசிஎப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமைகள். பரவலாக்கப்பட்ட பூட்டு மேலாளர் ஒருவர் அவற்றில் வட்டவிதானையின் வேலையைச் செய்கிறார்: ஒரு சேர்வர் ஒரு கோப்பைத் தொடுமுன் பூட்டைப் பெற வேண்டும், மற்றது தன் நினைவகத்திலுள்ள பழைய விவரத்தைக் கைவிட வேண்டும். மெய்நிகராக்க மென்பொருளான வீஎம்வெயாரின் வீஎம்எப்எஸ் கோப்பு முறைமை இதே குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் பூட்டுகளையும் உயிர்த்துடிப்புக் குறிகளையும் வட்டிலேயே வைத்துக்கொள்கிறது. முன்பு அது ஒரு சிறு பூட்டுக்காக முழு லன்னையும் ஸ்கஸி முன்பதிவால் பிடித்துவைத்தது. 2010இல் வெளிவந்த வீஎம்வெயாரின் வீஸ்பியர் 4.1 பதிப்பு முதல், ஆதரிக்கும் சேமிப்பகங்களில், ஒரே ஒரு தொகுதியை ஒப்பிட்டு எழுதும் கட்டளையே அதற்குப் போதுமாயிற்று. விண்டோஸ் உலகில் சேர்வர் 2008 ஆர்2 முதல் கிளஸ்டர் பகிர்வுத் தொகுதிகள் உள்ளன. இரண்டு சேர்வர்களுக்காக ஜிஎப்எஸ்2 அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பராமரிப்புச் சுமை பயனை மீறிவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தப்ப முடியாத பகுதி, உரிமை இழந்தவரை உண்மையாகவே துண்டிப்பது. முறை முடிந்தவரின் மடை அடைபட்டதா என்று போய்ப் பார்த்த பிறகே வட்டவிதானை அடுத்தவருக்குத் திறந்துவிடுவார். தொலைபேசியில் அவர் பதிலளிக்கவில்லை என்பதை வைத்து, மடை அடைபட்டுவிட்டது என்று முடிவுசெய்ய மாட்டார். நான் செய்த தவறு அதுதான். பதிலளிக்காத சேர்வர், இறந்த சேர்வர் என்று பொருளல்ல. கிளஸ்டர் மென்பொருள்கள் இதற்காகவே, பதிலளிக்காத கணுவின் (கிளஸ்டரிலுள்ள சேர்வரின்) மின்சாரத்தைத் தொலைவிலிருந்து நிறுத்துகின்றன, அல்லது ஸ்கஸி-3 நிலையான முன்பதிவு என்ற வசதியால் அதன் பதிவுச் சாவியைச் சேமிப்பகத்திலிருந்து நீக்கி, அது அனுப்பும் எழுத்துகளை வட்டே மறுக்கும்படி செய்கின்றன. புரொக்ஸ்மொக்ஸில் உயர் கிடைப்பு வசதியை (விழுந்த சேர்வரின் மெய்நிகர் கணினிகளை மற்றதில் தானாகத் தொடங்குவதை) இயக்கினால், கிளஸ்டர் வாக்குகளில் பெரும்பான்மையை இழந்த சேர்வர் கண்காணிப்புக் கடிகாரத்தால் சுமார் 60 வினாடிகளில் தன்னைத்தானே மீள்தொடக்கிக்கொள்ளும். அதற்குப் போதிய நேரம் விட்ட பின்னரே மற்றச் சேர்வர் அந்த மெய்நிகர் கணினிகளைத் தொடங்கும்.

இரண்டு சேர்வர்கள் மட்டும் இருக்கும்போது இது கடினமாகிறது. இரண்டு வாக்குகளில் ஒன்று பெரும்பான்மை ஆகாது. ஒன்று விழுந்தால் மற்றதும் மாற்றங்களை ஏற்க மறுத்துவிடும். அப்போது பதற்றத்தில், எதிர்பார்க்கும் வாக்குகளை 1 எனக் குறைக்கும் கட்டளையை ஓட்டி, அமைவுக் கோப்பைக் கையால் மறுபக்கம் நகர்த்தி, மெய்நிகர் கணினியைத் தொடங்கிவிடுவார்கள். மற்றச் சேர்வரின் மின்கம்பியைக் கழற்றாமல் இதைச் செய்தால், ஒரே எல்வீஎம் பகுதியில் இரண்டு மெய்நிகர் கணினிகள் எழுதத் தொடங்கும். ஆகவே மூன்றாவது வாக்கொன்றை ஏற்படுத்துங்கள். பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, வாக்கு மட்டும் அளிக்கும் கியூடிவைஸ் சேவையை அதில் ஓட்டினால் போதும். அதில் மெய்நிகர் கணினி எதுவும் ஓட வேண்டியதில்லை.

மெய்நிகராக்கத்தில் இதே பிரச்சினை ஒரு தளம் மேலே மீண்டும் எழுகிறது. இரண்டு மெய்நிகர் கணினிகளுக்கு ஒரே வட்டுக் கோப்பைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் கோப்பு முறைமைக்கு அதே கதிதான். புரொக்ஸ்மொக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஇஎம்யூ என்ற மென்பொருள், 2.10 பதிப்பிலிருந்து, ஒரு வட்டுக் கோப்பை ஒருவர் திறந்திருக்கும்போது மற்றவர் எழுதத் திறப்பதை மறுத்து, எழுத்துப் பூட்டைப் பெற முடியவில்லை என்று சொல்கிறது. அந்தச் செய்தியைக் கண்டதும் பூட்டை அணைக்கும் விருப்பத்தைத் தேடாதீர்கள். வீஎம்வெயாரில் பல எழுத்தாளர் என்ற குறியும், விண்டோஸின் ஹைப்பர்-வீயில் பகிர்வு வட்டும் இருப்பது, உள்ளே கிளஸ்டர் மென்பொருள் ஓடும் கணினிகளுக்காக மட்டுமே.

இன்னும் சில சிறிய விடயங்கள் பெரிய துன்பம் தருபவை. முதல் சேர்வரின் வட்டைப் பிரதி எடுத்து இரண்டாவதை உருவாக்கியிருந்தால், இரண்டுக்கும் ஒரே ஐஸ்கஸி துவக்குநர் பெயர் (நாஸுக்குச் சேர்வரை அடையாளம் காட்டும் பெயர்) இருக்கும். நாஸ் அவற்றை ஒருவராகவே எண்ணி ஒன்றின் இணைப்பை மற்றதற்காகத் துண்டிக்கும். பெயரை மாற்றுங்கள். சேமிப்பகத்துக்கு இரண்டு கேபிள்கள் இட்டால் ஒரே லன் இரண்டு வட்டுகளாகத் தோன்றும். இரு வழிகளையும் ஒரே வட்டாகக் காட்டும் மல்டிபாத் அமைத்து, மீள்தொடக்கத்தில் மாறக்கூடிய எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்களை விட்டு, வட்டின் நிலையான அடையாள எண்ணையே பயன்படுத்துங்கள். மெய்நிகர் கணினிக்குள் எல்வீஎம் இருந்தால், வெளியிலுள்ள சேர்வர் அதையும் கண்டுபிடித்து இயக்கிவிடாதபடி வடிகட்டியைச் சரிபாருங்கள். மின்சாரம் திரும்பும்போது நாஸும் சுவிட்சும் முதலில் எழ வேண்டும், நிறுத்தும்போது நாஸ் கடைசியாக நிற்க வேண்டும். யூபிஎஸ்ஸை இந்த ஒழுங்குக்கே அமையுங்கள். நாஸ் ஒன்றே இருப்பதால் அது விழுந்தால் எல்லாம் விழும், பல வன்தட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்ட் அமைப்பு காப்புப் பிரதிக்கு ஈடாகாது. உங்கள் நிறுவனத்துக்கு மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ கிளை இருந்தால் இரவுப் பிரதியை அங்கே அனுப்புங்கள்.

உண்மைத் தரவை ஏற்றுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். தேவையற்ற ஒரு மெய்நிகர் கணினியில் வினாடிக்கு ஒரு முறை நேரத்தைக் கோப்பில் எழுதும் சிறு நிரலை ஓடவிட்டு, அது இருக்கும் சேர்வரின் கிளஸ்டர் கேபிளை மட்டும் கழற்றுங்கள். சேமிப்பகக் கேபிளைத் தொடாதீர்கள். நான் விழுந்த குழி அந்த நிலைதான். உயர் கிடைப்பு சரியாக இயங்கினால், அந்தச் சேர்வர் முதலில் மீள்தொடக்கமாகி, அதன் பிறகே மெய்நிகர் கணினி மறுபக்கம் எழும், கோப்பில் ஓர் இடைவெளி மட்டும் இருக்கும். இரண்டு சேர்வர்களிலும் அது ஒரே நேரத்தில் ஓடக் கண்டால், உடனே ஒன்றின் மின்சாரத்தை நிறுத்தி, கண்காணிப்புக் கடிகாரத்தையும் வாக்கு அமைப்பையும் முதலிலிருந்து பாருங்கள்.