வானொலி எப்போதோ மாறிவிட்டது

அன்புள்ள அண்ணா,

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். தினமும் காலையில் 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டே தமிழ் நிகழ்ச்சி கேட்பவன். நான் கேட்கும் பல்கலாசார வானொலியில் இரண்டு கிழமையாக விளம்பரம் குறைந்துவிட்டது. வழக்கமான அறிவிப்பாளரையும் காணவில்லை. பாட்டுக்கு மேல் பாட்டாகப் போகிறது. நிலையத்தை விற்றுவிட்டார்கள் என்கிறார் ஒரு நண்பர். ஆங்கிலப் பொப் நிலையமாகப் போகிறது என்கிறார் இன்னொருவர். தமிழ் நேரத்தை வெட்டிப் பஞ்சாபிக்காரருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இதில் எது உண்மையாக இருக்கும்? கையெழுத்து வேட்டை ஒன்று தொடங்கியிருக்கிறோம். நீங்கள் முன்பு வானொலியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ச., ஸ்காபரோ

அன்புள்ள ச.,

எங்களோடு அந்தக் காலத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்த ஒருவர் போன மாதம் காலமானார். ஊரெல்லாருடைய மரண அறிவித்தலையும் வாசித்த மனிதர். அவர் இறந்த செய்தி எனக்கு முகநூலில்தான் கிடைத்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இந்த வதந்திகளுக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் உங்கள் ஊகங்கள். அறிவிப்பாளர் இல்லாமல் பாட்டாகவே ஓடுவது மாற்றத்துக்கு முன்அறிகுறியாக இருக்கலாம். இசைப்பாணியை மாற்றப் போகும் நிலையங்கள் சில நாட்களுக்கு ஏதாவது விசித்திரம் செய்வது வட அமெரிக்காவில் பழைய வழக்கம். கிறிஸ்மஸ் பாட்டையே நாள் முழுக்க ஓட விடுவார்கள். அல்லது அறிவிப்பாளர் விடுமுறையில் போயிருப்பார், நிலையத்திடம் நேரம் வாங்கி நிகழ்ச்சி நடத்துபவருக்கு விளம்பரம் கிடைத்திருக்காது. இரண்டும் நடக்கும். பொப் நிலையமாகும் கதையை நான் நம்பவில்லை. சாதாரண வணிக நிலையம் தன் பாட்டு வகையை மாற்றுவதில் கனடாவின் ஒலிபரப்பு ஆணையமான சி.ஆர்.ரி.சி. பெரும்பாலும் தலையிடாது. உங்களுடையது போன்ற பல்கலாசார நிலையத்தின் பல்லின அனுமதிப்பத்திரம் அப்படி அல்ல. 1999-இல் வந்த கொள்கையின்படி ஒலிபரப்பில் குறைந்தது 60 வீதம் பல்லின நிகழ்ச்சியாக இருக்க வேண்டும், 50 வீதம் ஆங்கிலமோ பிரெஞ்சோ பூர்வகுடி மொழியோ அல்லாத மொழிகளில் இருக்க வேண்டும். உரிமையாளர் கைமாறினாலும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இரவோடு இரவாக நடக்கிற காரியம் அல்ல.

பஞ்சாபிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நேரத்தை விற்பவர் நிலைய உரிமையாளர், வாங்குபவர் யாரோ ஒருவர். இதில் ஒரு சமூகம் இன்னொரு சமூகத்திடம் களவெடுக்கிறது என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்? இந்த நகரத்தில் பல மொழி வானொலிக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் ஜோனி லொம்பார்டி. இத்தாலியக் குடும்பத்துப் பலசரக்குக் கடைக்காரர். 1966-இல் சின் வானொலியைத் தொடங்கினார். அது இத்தாலியருக்கு மட்டும் என்று அவர் கதவைச் சாத்தவில்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியை நீங்கள் எத்தனை பேருக்கு அனுப்பினீர்களோ, அத்தனை பேருக்கும் அது வெறும் புரளி என்று எழுதிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

அலைவரிசைக்காக உண்மையாகவே போராடியவர்களின் கதை தெரிய வேண்டுமென்றால் டென்ஹம் ஜோலியைப் பற்றித் தேடி வாசியுங்கள். யமேக்காவில் பிறந்தவர். கறுப்பின இசைக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று அவருடைய குழு விண்ணப்பித்தது. 1990-இல் 92.5 அலைவரிசையை ஆணையம் ஒரு கண்ட்ரி இசை நிலையத்துக்குக் கொடுத்தது. ரொறன்ரோவில், கண்ட்ரி இசை! 1997-இல் 99.1 அரசு ஒலிபரப்பு நிறுவனமான சிபிசிக்குப் போனது. கடைசியில் 93.5 கிடைத்து, 2001-இல் அவர்களுடைய ஃப்ளோ நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. இதற்கிடையில் அந்தக் கண்ட்ரி நிலையம் என்ன ஆனது? 1999-இல் பொப் நிலையமாக மாறிவிட்டது. எந்த இசைக்காக ஜோலியின் குழுவை ஒதுக்கினார்களோ அந்த இசை பத்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஃப்ளோவும் பிறகு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. 2022-இல் 93.5-ஐ விட்டு 98.7-க்கு இடம் மாறியது. அந்த 98.7-உம் கறுப்பின, கரீபியன் மக்களுக்காக இன்னொருவர் பாடுபட்டு வாங்கி, 2011-இல் ஒலிக்கச் செய்த அலைவரிசைதான். கைவிட்டுப் போவது நமக்கு மட்டும் நடக்கிற கொடுமை அல்ல.

சரி, நான் சொல்ல வந்தது இது அல்ல.

தொண்ணூறுகளில் தமிழ் வானொலி கேட்க வீட்டில் தனியாக ஒரு பெட்டி வேண்டும். பெரிய பண்பலை நிலையம் ஒன்றின் அலைக்குள் ஒளிந்தபடி நம்முடைய ஒலி போகும். சாதாரண றேடியோவுக்கு அது கேட்காது. காசு கொடுத்துப் பெட்டியை வாங்கிச் சமையலறையில் வைத்தால்தான் தமிழ். காரில் கேட்பதெல்லாம் பிறகு வந்த சொகுசு. நான் பகலில் தொழிற்சாலையிலும் சில இரவுகளில் அந்தக் கலையகத்திலும் இருந்தேன். 1999 சனவரியில் பெரிய பனிப்புயல் வந்து, மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். நாடே சிரித்தது. அந்த நாட்களில் ஓர் இரவு, இரண்டாம் ஷிப்ட் முடிந்த நேரம், ஒரு பெண் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசியில் வந்தார். பேருந்து இல்லை, நாலு பேர் நிற்கிறோம், என்ன செய்வது என்று கேட்டார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். மாமியார் வீட்டில் பெட்டி இருக்கிறதாம். நான் தெருவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் ஒருவர் அழைத்தார். தன்னிடம் வான் வண்டி இருக்கிறது, பக்கத்தில்தான் இருக்கிறேன், போகிறேன் என்றார். விடியப்போகும் நேரத்தில் அவரே மறுபடியும் எடுத்தார். "எல்லாரையும் இறக்கிப்போட்டன். ஆரோ சாப்பாட்டுப் பெட்டியை விட்டிட்டுப் போயிட்டினம், அதையும் ஒருக்கா சொல்லுங்கோ" என்றார். அதையும் சொன்னேன்.

இப்போது அதற்குத்தான் வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள். அந்த வான்காரருக்கு அந்த நாலு பேரையும் தெரியாது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்கவும் இல்லை. கேட்டுத்தான் உதவுவது என்றால் நம் ஆட்கள் எந்தக் காலத்திலும் செய்வார்கள். கேட்காமல் செய்ய வைத்தது அந்தப் பெட்டி. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததால் நடந்தது அது.

அது எப்போது நின்றது என்று யாராவது கவனித்தீர்களா? தமிழ் நேரம் அப்படியே இருந்தது. மொழியும் மாறவில்லை. உள்ளே இருந்த பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர் அந்தக் காசை எடுக்க வேண்டும். நாடகத்துக்கு நடிகர் வேண்டும், செய்திக்கு அலைந்து திரிய ஒருவர் வேண்டும், நேரடி அழைப்புக்குப் பொறுமை வேண்டும். சினிமாப் பாட்டுக்கு ஒரு கணினி போதும். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம் புரண்டது. அத்தோடு அந்தச் சேவையே மூடப்பட்டது. மறுநாள் காலை, மாற்றுப் பேருந்து எங்கே நிற்கும் என்று தமிழில் யாராவது சொல்வார்கள் என்று நான் வானொலியைத் திருப்பினேன். காதல் பாட்டு. பிறகு மோட்கேஜ் முகவர். பிறகு வீடு விற்கும் முகவர். மறுபடியும் காதல். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் தேவையில்லை. நீங்கள் பயப்படும் மாற்றம் என்றைக்கோ நடந்து முடிந்துவிட்டது, தம்பி. அதற்கு யாரும் கையெழுத்துச் சேர்க்கவில்லை. நீங்களும் அந்தப் பாட்டுகளை 401-இல் ரசித்துக்கொண்டுதான் போயிருக்கிறீர்கள். அதே பாட்டு உங்கள் தொலைபேசியில் இலவசமாக இருக்கிறது. பிறகு எதைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

உங்களை நோகடிக்க இப்படி எழுதவில்லை. உங்கள் வயதில் காலையில் எழுந்து தமிழ் கேட்கத் தோன்றுகிறதே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் இவ்வளவு ஏசுகிறேன்.

கையெழுத்து வேட்டையில் என்னைச் சேர்க்காதீர்கள். யாரிடம் கொடுப்பது என்று அதில் எழுதவே இல்லை. ஓர் அனுமதிப்பத்திரத்தை 2023 வரை கூடினால் ஏழு ஆண்டுக்குத்தான் தந்தார்கள். புதுப்பிக்கும்போது ஆணையம் தன் இணையதளத்தில் அறிவிக்கும், யாரும் கருத்து அனுப்பலாம். அனுப்பியது உங்கள் பெயரோடு பொது ஆவணமாக அங்கே இருக்கும். நிலையம் அதற்குப் பதில் சொல்லலாம். பெரும்பாலும் சொல்லியாக வேண்டிய நிலை வரும். "தமிழை நிறுத்தாதே" என்று நூறு பேர் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்ப வேண்டாம். இந்த நகரத்துச் செய்தி தமிழில் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம், நேரடி அழைப்பு எத்தனை மணி நேரம், அதைச் செய்ய ஆள் வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். அதற்கு முன் ஒரு கிழமை அந்த நிகழ்ச்சியைக் கடிகாரத்தோடு கேட்டுக் குறித்து வையுங்கள். வரைவை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.

ஒன்று மட்டும். மரண அறிவித்தலைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். உங்கள் வயதுக்காரர் பலர் அதைக் கேலி செய்வது எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்த நேரத்தில் அவ்வளவாவது பேச்சு மிஞ்சியிருக்கிறதென்றால் அது செத்தவர்கள் புண்ணியத்தில்தான்.