கொள்ளையனும் காகிதமும்: கப்பல்கார அண்ணாச்சியிடம் கேட்டவை

பாளையங்கோட்டையில் போன ஞாயிற்றுக்கிழமை கடலில் நடக்கும் கொள்ளை, போர் பற்றி ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என் பேச்சு இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது, மீதி நேரம் முழுக்கக் கேள்விகள்தான். துண்டுச் சீட்டில் வந்து நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் 27 வருஷம் வணிகக் கப்பலில் இருந்தவன், கடைசிப் பத்து வருஷம் மாஸ்டர், அதாவது கேப்டன். எண்ணெய்க் கப்பல், கன்டெய்னர் கப்பல் இரண்டும் ஓட்டியிருக்கிறேன்.

உவரியில் இருந்து ஒரு அம்மா: மகனுக்கு எண்ணெய்க் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. நைஜீரியா பக்கம் போகுமாம். அங்கே ஆளைக் கடத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அனுப்பலாமா அண்ணாச்சி?

அம்மா, ஊரில் சொல்வது பொய்யில்லை, ஆனால் பழைய கணக்கு. 2020-ல் நைஜீரியாவை ஒட்டிய கினி வளைகுடாவில் மட்டும் 130 மாலுமிகளைக் கடத்தினார்கள். அந்த வருஷம் உலகம் முழுக்கக் கடத்தப்பட்டவர்கள் 135 பேர். 2024-ல் அதே கினி வளைகுடாவில் எண்ணிக்கை 12. நைஜீரியா 2019-ல் கொள்ளைக்கென்று தனிச் சட்டம் போட்டது, ரோந்து கூடியது, வெளிநாட்டுப் போர்க்கப்பல்களும் வந்து நின்றன. 12 பேர் என்றாலும் 12 வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பயத்துக்கு ஒரு அளவு வேண்டும்.

சோமாலியாக்காரன் கப்பலோடு பிடிப்பான், நைஜீரியாக் கொள்ளையன் ஆளை மட்டும் தூக்குவான். காரணம் எளிது. சோமாலியாவில் அரசாங்கம் என்று ஒன்று இல்லாத காலத்தில், பிடித்த கப்பலைக் கரையோரம் மாதக்கணக்கில் நங்கூரம் போட்டு வைக்க முடிந்தது. நைஜீரியாவில் அரசாங்கம் உண்டு, கடற்படை உண்டு. கப்பலை ஒளித்து வைக்க இடமில்லை. அதனால் ஏழெட்டுப் பேரை வேகப் படகில் ஏற்றி, நைஜர் ஆற்றுக் கழிமுகத்தின் சதுப்புக் கால்வாய்களுக்குள் கொண்டுபோய் வைத்துப் பேரம் பேசுவான். 2019 டிசம்பரில் ஒரு பெரிய எண்ணெய்க் கப்பலில் இருந்து 19 பேரைத் தூக்கினார்கள். அதில் 18 பேர் நம் நாட்டுக்காரர்கள். அந்த மாதமே விட்டுவிட்டார்கள்.

நான் மாஸ்டராக இருந்தபோது லாகோஸ் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்ததே கிடையாது. 200 கடல் மைல் தள்ளி, எஞ்சினைத் தயாராக வைத்து, விளக்கைக் குறைத்து மிதந்துகொண்டிருப்போம். துறைமுகத்தில் இடம் கிடைத்த பிறகுதான் ஒரே ஓட்டமாக உள்ளே போவது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கொள்ளையனைவிட எனக்குப் பயம் காகிதத்தை, அதாவது அனுமதியையும் வழக்கையும் பார்த்துத்தான். 2022 ஆகஸ்டில் 'ஹீரோயிக் இடுன்' என்ற எண்ணெய்க் கப்பல் நைஜீரியாவின் ஆக்போ எண்ணெய் வயலுக்குப் போனது. இரவில் ஒரு படகு நெருங்கியது. கொள்ளையர் என்று நினைத்துக் கப்பல் ஓடியது. வந்தது நைஜீரியக் கடற்படை. சில நாளில் பக்கத்து நாடான எக்குவடோரியல் கினி பிடித்து வைத்தது, பிறகு நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. 26 பேரில் 16 பேர் இந்தியர், 8 பேர் இலங்கைக்காரர். யாரும் யாரையும் சுடவில்லை. ஆனாலும் வெளியே வர 2023 மே மாதம் ஆகிவிட்டது.

ஆகவே அனுப்புங்கள், ஆனால் ஏஜென்ட்டிடம் மத்தியக் கப்பல் துறை இயக்ககம் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல், அதாவது மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் இல்லாதவன் அனுப்பிய பையன் மாட்டிக்கொண்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாமல் நிற்பீர்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி நகரம்: கொள்ளையர் ஏறிவிட்டால் மாலுமிகள் சண்டை போடுவார்களா?

மாட்டோம் தம்பி. எஞ்சினை நிறுத்திவிட்டு, எல்லோரும் 'சிட்டாடல்' என்கிற பூட்டிய அறைக்குள் போய்விடுவோம். உள்ளே தண்ணீர், சாப்பாடு, வயர்லெஸ் எல்லாம் இருக்கும். ஒரு ஆள் வெளியே சிக்கினாலும் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமில்லை, கடற்படையும் உள்ளே பாயத் தயங்கும். அதனால் பூட்டுவதற்கு முன்னால் தலை எண்ணுவதுதான் முதல் வேலை.

முந்திரி வியாபாரி, தூத்துக்குடி: எங்கள் பச்சை முந்திரிக்கொட்டை ஐவரி கோஸ்டில் இருந்து வருகிறது. அது செங்கடல் பக்கமே போவதில்லை. அப்புறம் ஏன் ஹூதிக்காரன் சுட்டால் எனக்குக் கப்பல் வாடகை ஏறியது?

நல்ல கேள்வி, ஏனென்றால் பாதை சரியாகத்தான் சொல்கிறீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து நமக்கு இயல்பான வழியே ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனைதான்.

2023 நவம்பர் 19-ல் யேமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' கப்பலைப் பிடித்தார்கள், அதன் 25 மாலுமிகளும் வீடு திரும்ப 2025 ஜனவரி ஆனது. அடுத்தடுத்து ஏவுகணைகள் வந்தன. 2024 மார்ச் 6-ல் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலில் மூன்று மாலுமிகள் செத்தார்கள். பெரிய கன்டெய்னர் கம்பெனிகள் செங்கடல், சூயஸ் கால்வாய் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. ஒரு வழிக்குச் சுமார் 3,500 கடல் மைல் கூடுதல், பத்து முதல் பதினான்கு நாள் கூடுதல். வாரம் ஒரு கப்பல் என்று ஓடும் சேவையில் சுற்று நீண்டால், அதே சேவைக்கு இன்னும் இரண்டு மூன்று கப்பல் வேண்டும். அந்தக் கப்பல்களை எங்கிருந்து எடுப்பான்? உங்கள் மாதிரி சின்னப் பாதைகளில் இருந்துதான். காலி கன்டெய்னரும் நேரத்துக்குத் திரும்பி வராது. நாங்குநேரிப் பக்கம் பாலம் உடைந்து நாகர்கோவில் வண்டிகள் சுற்றிப் போனால், பேட்டைக்குப் போகிற டவுன் பஸ்ஸும் குறைந்துவிடும் இல்லையா, அந்தக் கணக்குதான்.

போர் இன்சூரன்ஸ் தனி. லண்டனில் இன்சூரன்ஸ்காரர்களின் கமிட்டி ஒன்று ஆபத்தான கடல்களுக்குப் பட்டியல் போடுகிறது. பட்டியலில் உள்ள கடலுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். 2024 தொடக்கத்தில் செங்கடலுக்கு அது கப்பல் மதிப்பில் ஒரு சதவீதம் வரை போனது. ஐந்து கோடி டாலர் கப்பல் என்றால் ஒரு தடவை கடக்க ஐந்து லட்சம் டாலர். எந்தப் போர்க்கப்பல் காவலுக்கு நிற்கிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தபோது, கப்பல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தப் பிரீமியம் முடிவு செய்துகொண்டிருந்தது.

கூத்தங்குழி மீனவர்: பைபர் படகில் நிற்கும்போது பெரிய கப்பல்காரன் எங்களைப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சுகிறான், ஹாரன் அடிக்கிறான். நாங்கள் என்ன கொள்ளைக்காரனா?

இல்லை. ஆனால் கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. 250 மீட்டர் கப்பலின் உச்சியில் நின்று பார்த்தால், வேகமாக வருகிற பைபர் படகும் சோமாலியாப் படகும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீங்கள் வலையைக் காப்பாற்றத்தான் கப்பலை நோக்கி ஓட்டி வருகிறீர்கள். எங்கள் கண்ணுக்கு அது ஏற வருவது மாதிரி தெரிகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற விஷயம் இது.

நியாயம் இருந்தும் உயிர் போனது. 2012 பிப்ரவரி 15-ல் கேரளக் கரைக்கு வெளியே 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படைக் காவலர்கள் சுட்டு, 'செயின்ட் ஆன்டனி' படகில் இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். வழக்கு தி ஹேக்கில் உள்ள சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. அந்தக் காவலர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது, 2021-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவிட்டது. ஒன்பது வருஷம்.

கப்பல் உங்கள் வலை மேல் ஏறப் போகிறது என்றால் வேகத்தைக் குறைத்து நில்லுங்கள், வலையைக் கையில் தூக்கிக் காட்டுங்கள், வி.எச்.எஃப் ரேடியோவில் 16-வது சேனலில் கூப்பிடுங்கள். பின்பக்கமாக மட்டும் துரத்தி வராதீர்கள். கொள்ளையன் ஏறுவதே அந்தப் பக்கம்தான்.

வழக்கறிஞர், பாளையங்கோட்டை: 2013-ல் துப்பாக்கிகளோடு ஒரு கப்பலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்களே, வெள்ளைக்காரர்களை நம் ஊர் சிறையில்கூட வைத்திருந்தார்கள். அது என்ன கப்பல்?

'சீமேன் கார்டு ஓகையோ'. மிதக்கும் ஆயுதக் கிடங்கு. சோமாலியா பயத்தில் கப்பல்கள் தனியார் காவலர்களை ஏற்றிய காலம் அது. காவலர்கள் துப்பாக்கியோடு துறைமுகத்தில் இறங்க எந்த நாடும் லேசில் விடாது. அதனால் நடுக்கடலிலேயே ஒரு கப்பலை நிறுத்தி, ஆட்களையும் ஆயுதங்களையும் அங்கே ஏற்றி இறக்கினார்கள். நம் கடலோரக் காவல்படை அந்த அக்டோபரில் பிடித்தது. மொத்தம் 35 பேர். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்து வருஷம் கொடுத்தது, 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. கப்பல் எந்த எல்லைக்குள் நின்றது, ஏன் நின்றது, எந்த அனுமதி இருந்தது என்பதுதான் வாதமே. மறுபடியும் காகிதம்.

பள்ளி மாணவி, விஜயநாராயணம்: எங்கள் ஊர் நேவி டவருக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு மக்கா, உறவுமுறை உண்டு. உங்கள் ஊர் டவர் உள்ள ஐ.என்.எஸ் கட்டபொம்மன் 1990-ல் தொடங்கிய கடற்படை நிலையம். நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. சாதாரண ரேடியோ அலை கடல் நீருக்குள் போகாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டும் சில பத்து மீட்டர் ஆழம் இறங்கும். அந்த அலையின் நீளமே பத்துப் பதினைந்து கிலோமீட்டர். அதனால்தான் கோபுரம் அவ்வளவு உயரம், கம்பிகள் அவ்வளவு பரப்பு. அட்லாண்டிக்கில் இருக்கும் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு இதே வேலையை மெய்ன் மாநிலத்தின் கட்லர் என்ற ஊர் செய்கிறது. அதுவும் உங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊர்தான், 1961-ல் இருந்து அங்கே கோபுரங்கள் நிற்கின்றன. ஒன்று கவனி, இந்த வழியில் நீர்மூழ்கி கேட்க மட்டும்தான் முடியும், பதில் பேச முடியாது.

அரக்கோணத்தில் இருந்து நீர்மூழ்கியைத் தேடிப் பறக்கும் பி-8ஐ விமானத்துக்கும் அங்கே சொந்தக்காரர்கள் உண்டு. ரஷ்யாவின் வடக்குக் கடற்படை நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்குக்குள் வர வேண்டுமென்றால் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பிரிட்டன் மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளிகளைத் தாண்ட வேண்டும். அந்த வாசலில் அதே வகை விமானங்கள் ஐஸ்லாந்தில் இருந்தும் ஸ்காட்லாந்தில் இருந்தும் காவல் பறக்கின்றன.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், வள்ளியூர்: நேட்டோ என்றால் அட்லாண்டிக் முழுவதுமா?

இல்லை. ஒப்பந்தத்தின் 6-வது பிரிவைப் படியுங்கள், கடக ரேகைக்கு வடக்கே மட்டும்தான். அதனால்தான் 1982-ல் தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள பால்க்லாந்துத் தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு போரிடப் பிரிட்டன் தனியாகப் போனது. தெற்கு அட்லாண்டிக்கை அமைதி மண்டலமாக ஐ.நா. 1986-ல் அறிவித்தது, முன்கை எடுத்தது பிரேசில்.

இடிந்தகரை மீனவர்: டியாகோ கார்சியாப் பக்கம் போனால் ஏன் பிடிக்கிறார்கள்? அங்கே மனுஷனே இல்லையே.

மனுஷர்கள் இருந்தார்கள். இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வைத்திருந்த சாகோஸ் தீவுகளில் ஒன்று அது. 1968-க்கும் 1973-க்கும் இடையில் சாகோஸ் மக்களை வெளியேற்றிவிட்டுத்தான் அமெரிக்கத் தளம் கட்டினார்கள். சுற்றியுள்ள கடலில் மீன்பிடிக்கத் தடை உண்டு, அதனால்தான் படகைப் பிடிக்கிறார்கள். 2025 மே மாதம் தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்கவும், தளத்தை மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு வைத்துக்கொள்ளவும் பிரிட்டன் ஒப்பந்தம் போட்டது. குத்தகை என்று போட்டால் நிலம் யாருடையது என்பது நம்மூர் விவசாயிக்கே தெரியும்.

அட்லாண்டிக் நடுவில் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு தீவு உண்டு, அசென்ஷன். பால்க்லாந்துப் போரில் பிரிட்டனுக்குப் பாதி வழித் தங்கல் அதுதான். இரண்டு தீவிலும் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்களோடு பேசும் தரை நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் படகில் இருக்கும் ஜி.பி.எஸ் பெட்டி சரியாக வழி காட்டுவதில் டியாகோ கார்சியாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்: கடலடிக் கேபிளை அறுக்கிறார்களாமே, அது போர் இல்லையா? பனாமாவில் கப்பல் நின்றது எந்தச் சதியால்?

பனாமாக் கால்வாயில் சதி எதுவும் இல்லை சார், மழை பெய்யவில்லை. அந்தக் கால்வாய் கடல் நீரில் ஓடுவதில்லை, காட்டுன் ஏரியின் நல்ல தண்ணீரில் ஓடுகிறது. ஒரு கப்பல் கடந்தால் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் கடலுக்குள் போய்விடும். 2023-ல் ஏரி வற்றியதும் தினமும் 36 கப்பல் போன இடத்தில் 24-க்கும் கீழே குறைத்தார்கள். பாபநாசம் அணையில் மட்டம் இறங்கினால் கால்வாய்க்கு முறை வைக்கிறார்களே, அதேதான்.

கேபிள் விஷயத்தில் அவசரப்படக்கூடாது. 2024 பிப்ரவரியில் செங்கடலில் சில கேபிள்கள் அறுந்தன. ஏவுகணை பட்டு, கைவிடப்பட்டு மிதந்த 'ரூபிமார்' கப்பலின் நங்கூரம் இழுத்ததாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் ஐவரி கோஸ்டுக்கு வெளியே நான்கு கேபிள்கள் ஒன்றாகப் போயின, அதற்குக் கடலடி நிலச்சரிவைக் காரணம் சொன்னார்கள். 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்து வளைகுடாவில் 'ஈகிள் எஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய் மின் கேபிளையும் தொலைத்தொடர்புக் கேபிள்களையும் அறுத்தது. பின்லாந்து கப்பலைப் பிடித்து வழக்கும் போட்டது. 2025 அக்டோபரில் ஹெல்சின்கி நீதிமன்றம், நடந்த இடம் எங்கள் கடல் எல்லைக்கு வெளியே, எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று தள்ளிவிட்டது. கப்பலின் கொடி, அதாவது அது பதிவான நாடு, குக் தீவுகள். உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் தீவு நாடு. இதைப் போர் என்பதா, விபத்து என்பதா என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை இருக்கும்வரை யாரும் போர் என்று அறிவிக்க வேண்டிய அவசியமே இல்லை.

டிப்ளமோ முடித்த தம்பி, திசையன்விளை: ஒரு ஏஜென்ட் இரண்டு மடங்கு சம்பளம் என்கிறான். எண்ணெய்க் கப்பல், ஆனால் எங்கே போகும் என்று சொல்ல மாட்டேன் என்கிறான்.

அது பெரும்பாலும் 'நிழல் கப்பல்' கூட்டம். தடை போட்ட நாட்டின் எண்ணெயைத் தூக்குகிற பழைய கப்பல்கள். இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை அணைத்து வைப்பார்கள், இன்சூரன்ஸ் யாரிடம் என்றே தெரியாது, வருஷத்துக்கு இரண்டு முறை பெயரும் கொடியும் மாறும். பிடிபட்டால் முதலாளி போனை எடுக்க மாட்டான். சம்பளமும் வராது, ஊருக்கும் வர முடியாது, கப்பலிலேயே கிடக்க வேண்டியதுதான். இன்னொரு பக்கம், ஒழுங்கான சங்க ஒப்பந்தம் உள்ள கப்பலில் போர்ப் பகுதி என்று அறிவித்த கடலுக்கு வரமாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, போனால் அத்தனை நாளுக்கும் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. அந்த இரண்டு மடங்கு வேறு, இவன் சொல்லும் இரண்டு மடங்கு வேறு.

ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேள், கப்பலின் ஐ.எம்.ஓ எண். ஏழு இலக்கம். பெயர் மாறலாம், கொடி மாறலாம், கப்பல் உடைக்கப் போகும்வரை அந்த எண் மாறாது. எக்வாசிஸ் என்ற தளத்தில் இலவசமாகப் போட்டுப் பார்த்தால் கப்பலின் வயசு, முந்தைய பெயர்கள், எந்தத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்தார்கள் என்பதெல்லாம் வரும். எண்ணைத் தர மறுத்தான் என்றால் பெட்டி கட்டாதே. தந்தால் அதை எனக்கும் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.