மாதக் கட்டணம் கொடுத்தால் டயர் தேய்மான வரம்பில் விலக்கு கிடைக்குமா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே வேன் டயர் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் சரக்கு போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டமான யூரோ 7-இல் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வருகிறதாம். பிரஸ்ஸல்ஸில் ஓர் ஆலோசகர், தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு பெற்றவர் என்கிறார். மாதாமாதம் கட்டணம் கொடுத்தால் எங்கள் டயர் அளவுகளுக்கு மட்டும் விலக்கு வாங்கித் தருகிறாராம். முதலாளி கையெழுத்துப் போடத் தயார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். ஒரு நிறுவனத்தின் அளவுகளுக்கு மட்டும் விலக்கு என்று ஒன்று கிடையாது. யார் வாங்கித் தருவதாகச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

யூரோ 7 முன்மொழிவு 2022 நவம்பரில் வந்து, 2024 மே மாதம் சட்டமாக வெளியாகிவிட்டது. புது வகை கார் டயர்களுக்கு 2028 ஜூலை, உங்கள் வேன் டயர்களுக்கு 2030 ஏப்ரல், லாரி டயர்களுக்கு 2032 ஏப்ரல் என்று தேதிகள் அதிலேயே இருக்கின்றன. ஆனால் எவ்வளவு தேயலாம் என்ற எண்ணையும், அதை அளக்கும் முறையையும் முடிவு செய்யும் இடம் ஜெனீவா. அங்கே ஐ.நா.வின் வாகன விதிமுறை மன்றத்தின் கீழ் சத்தத்துக்கும் டயருக்கும் என்று ஒரு குழு இருக்கிறது. அது கையாளும் 117-ஆம் விதிக்குள்தான் தேய்மான வரம்பு வருகிறது. உங்கள் ஆலோசகர் பிரஸ்ஸல்ஸ் கதவைக் காட்டிப் பணம் கேட்கிறார். எழும்பூரில் பிடிக்க வேண்டிய ரயிலுக்கு சென்ட்ரலில் நின்று என்ன பயன்?

அடுத்தது அந்த 'பதிவு பெற்றவர்'. ஐரோப்பிய ஆணையம், நாடாளுமன்றம், கவுன்சில் மூன்றுக்கும் பொதுவாக வெளிப்படைத்தன்மைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. கொள்கை வகுப்பவர்களிடம் பேசப் போகிறவர்கள் தங்களைப் பற்றிய விவரத்தை அதில் போட வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் நிறுவனமே நேரடியாகப் பதிந்துகொள்ளலாம். அது உரிமமும் இல்லை, தகுதிச் சான்றும் இல்லை. பதிவு எண்ணை விசிட்டிங் கார்டில் அச்சடித்து சான்றிதழ் மாதிரி காட்டுகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒருவரிடம் ஒரு வருடம் பணம் கட்டினோம். கடைசியில் அவர் கொடுத்த 'ரகசிய அறிக்கை', ஐ.நா. இணையதளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய குழு ஆவணம். முதல் பக்கத்தை மட்டும் மாற்றியிருந்தார். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. சரி, அந்தப் பதிவேட்டையே திறந்து அவர் பெயரைத் தேடுங்கள். யாருக்காக வேலை செய்கிறார், ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ எவ்வளவு வாங்குகிறார் என்பது அங்கே இருக்க வேண்டும். டயர் தொழிலில் ஒரு வாடிக்கையாளரும் இல்லை என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

இந்தப் பதிவு விதியில் உள்ள ஒரு விதிவிலக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இடைத்தரகர்கள் புகுந்து விளையாடுவது இதில்தான். ஆணைய அதிகாரி தானாகவே உங்களிடம் குறிப்பிட்ட ஒரு தகவலைக் கேட்டு, நீங்கள் அதற்குப் பதில் கொடுத்தால் அது லாபி வேலையாக, அதாவது கொள்கையை மாற்றச் சொல்லிப் பேசும் வேலையாக, கணக்கில் வராது. இதை வைத்துக்கொண்டு, "அதிகாரியைக் கேட்க வைக்கிறேன், நீங்கள் பதிவே செய்ய வேண்டாம்" என்பார்கள். இந்த விதிவிலக்கு உண்மைதான், ஆனால் ரொம்பக் குறுகலானது. ஒரு வேன் டயரின் தேய்மான அளவைக் கேட்டார், கொடுத்தீர்கள் என்றால் சரி. அதே கடிதத்தில் இரண்டாவது பக்கம் சேர்த்து, "ஆகவே வரம்பை இரண்டு வருடம் தள்ளிப்போட வேண்டும்" என்று எழுதினால் அந்த நிமிடமே அது லாபி. கேட்டது ஒன்று, நீங்கள் சேர்த்தது இன்னொன்று. நீங்களாகவே அனுப்பிவிட்டு, பிறகு அதிகாரியிடம் "கேட்டு வாங்கினோம்" என்று ஒரு மின்னஞ்சல் வாங்கிக்கொள்வதும் இந்த விதிவிலக்கில் வராது.

அப்படியானால் உங்கள் வழி எது? உங்கள் டயரின் சைடுவாலை, அதாவது பக்கவாட்டுப் பகுதியை, பாருங்கள். வட்டத்துக்குள் ஒரு E-யும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 4 என்றால் நெதர்லாந்து, 1 என்றால் ஜெர்மனி. 117-ஆம் விதி எந்த ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறதோ, அந்த 1958 ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால்தான் வேறு நாட்டு முத்திரை. ஜெனீவாவில் அந்த விதி மீது நமக்கு ஓட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகளுக்கும் சேர்த்து ஓட்டுப் போடுகிறது. ஆக, உங்களுக்கு முத்திரை கொடுத்த நாட்டின் ஒப்புதல் அமைப்பும் அதன் சோதனைக் கூடமும்தான் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் தொடர்பு. அந்த நாட்டுப் பிரதிநிதிகளுக்குக் குழுவில் இடம் இருக்கிறது. அப்புறம், டெல்லியில் உள்ள டயர் உற்பத்தியாளர் சங்கத்திடமும் கேளுங்கள்.

வெறும் கையோடு போகாதீர்கள். "கஷ்டம், செலவு" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அங்கே எடுபடுவது எண்கள். தேய்மானத்தைக் குறைக்க டிரெட் காம்பவுண்டை (சாலையில் படும் ரப்பர் கலவையை) மாற்றினால் ஈரச் சாலையில் பிடிப்பு குறையக்கூடும். உங்கள் டயரில் எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டுங்கள். சாலைச் சோதனையில் ஒப்பீட்டு டயர் போட்ட வண்டியோடு சேர்ந்து வரிசையாக ஓட்டி, கழற்றி, எடை போட வேண்டும். டயரின் பள்ளத்தில் ஒரு சிறு கல் சிக்கியிருந்தால்கூட கிராம் கணக்கு தப்பிவிடும். எடை போடும் ஆள் அதைக் குத்தி எடுத்துவிட்டுத்தான் தராசில் ஏற்ற வேண்டும்.

இந்த அமைப்பின் மீது எனக்கும் கோபம் உண்டு. துணைச் சட்ட வரைவுகளுக்கு ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் கருத்துச் சொல்லலாம், இலவசம்தான். ஆனால் கொடுப்பது நான்கு வாரம். பிரஸ்ஸல்ஸிலேயே அலுவலகம் போட்டிருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அது தாராளம். உங்களைப் போன்றவர்களுக்குச் செய்தி வந்து சேரும்போது பாதி நாள் போயிருக்கும். ஆணையம், நாடாளுமன்றம், கவுன்சில் மூன்றும் நடத்தும் முக்கியமான முத்தரப்புப் பேச்சோ மூடிய கதவுக்குள் முடிந்துவிடுகிறது. திறந்த ஆலோசனை என்று இதை எப்படித்தான் சொல்கிறார்களோ! அதனால் அந்தத் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, அறிவிப்பு மின்னஞ்சலை உங்கள் பெயருக்கே வரச் செய்யுங்கள். இதற்கு ஏஜெண்ட் தேவையில்லை.

முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த மாதக் கட்டணத்தை ஒதுக்கி, அதிகம் விற்கும் இரண்டு அளவுகளை இந்த வருடமே தேய்மானச் சோதனைக்கு அனுப்பட்டும்.