என்.எஸ்.எஸ். இருக்கும்போது ரோட்டராக்ட் எதற்கு? கல்லூரி முதல்வரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்

வணக்கம் சார். கடலூர்க் கல்லூரியில் உங்கள் ரோட்டரி சங்கம் ரோட்டராக்ட் (ரோட்டரி ஆதரவில் இளைஞர்களே நடத்தும் சேவைச் சங்கம்) தொடங்கக் கேட்டதற்கு, "அதான் என்.எஸ்.எஸ். இருக்கே" என்று முதல்வர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள்.

1969-ல் வந்த என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) அரசுத் திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம், 7 நாள் முகாம் என்று வரையறை உண்டு. ரோட்டராக்ட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் பிள்ளைகளே. கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் அங்கேதான் பழகுவார்கள். முதல்வரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

நாங்கள் ஒரு கல்லூரியில் தொடங்கியபோது இறுதியாண்டு மாணவர்களிடமே எல்லாப் பொறுப்பையும் கொடுத்தோம். ஜூலையில் ரோட்டரி ஆண்டு பிறந்தபோது ஒருவர்கூட அங்கே இல்லை. இரண்டாமாண்டுப் பிள்ளைகளைப் பிடியுங்கள்.

பணம் கொடுத்ததோடு ஒதுங்கிவிடாதீர்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் குப்பை அள்ளிய அன்று, மணலில் புதைந்த நைலான் வலையை வெறுங்கையால் இழுத்த ஒரு மாணவிக்கு விரல் கிழிந்து ரத்தம் கொட்டியது. கையுறை வாங்கித் தர எங்களுக்குத் தோன்றவில்லை. எங்களில் ஒருவர்கூட அங்கே நிற்கவும் இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

முதல் பணியை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் நம்மூரில் மழை, புயல், கூடவே செமஸ்டர் தேர்வு.