மணல்பெட்டியில் உந்துப் பிளவு வராதது ஏன்?

பாறை அடுக்குகள் பக்கவாட்டில் நெருக்கப்படும்போது ஒரு பகுதி இன்னொன்றின் மேல் சாய்வாக ஏறும் பிளவுதான் உந்துப் பிளவு. அதைப் பெட்டியில் செய்து பார்க்க ஈர மணலைப் பலகையால் தள்ளினால் அடுக்குகள் மொத்தமாக நகர்ந்து, மேலே விரிசல் மட்டும் விடுகிறது என்கிறீர்கள். கோளாறு ஈரத்தில்தான். நீர் துகள்களை ஒட்ட வைக்கிறது. 3 செ.மீ. தடிமனுக்கு அந்தப் பிடிப்பு மிக அதிகம்; இந்த மாதிரியை நிஜப் பாறை அடுக்குகளின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் எந்தப் பாறைக்கும் அத்தனை வலு கிடையாது.

நன்றாகக் காய்ந்த மணலை 0.5 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். 5 மி.மீ. கனத்தில், நிறம் மாற்றி மாற்றி, ஆறு அடுக்கு. கொட்டாமல் சல்லடையாலேயே ஒரே உயரத்திலிருந்து தூவி, அட்டையால் மட்டம் தட்டுங்கள். கையால் அழுத்த வேண்டாம். பெட்டி குறுகலாக இருந்தால் கண்ணாடி ஓரம் மணலை இழுத்துப் பிடித்து, பிளவை வில்லாக வளைத்துவிடும். 20 செ.மீ. அகலமாவது வேண்டும்.

தள்ளும் வேகம் பெரிய விஷயமில்லை, குலுக்கல்தான் எதிரி. ஓரிரு செ.மீ. தள்ளியதும் சுமார் 30 பாகைச் சாய்வில் முதல் பிளவு தெரியும். தொடர்ந்து தள்ளினால் அதற்கு முன்னால் அடுத்தது கிளம்பும். 5 மி.மீ.க்கு ஒரு படம் எடுங்கள்.

அழகான மடிப்பை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். மணல் உடையும், வளையாது. மடிப்பு வேண்டுமானால் மணலுக்கு அடியில் சிலிகோன் பசை அடுக்கு தேவை.

தண்ணீர்த் தெளிப்பானைக் கடைசியில் எடுங்கள்: நனைத்துக் கத்தியால் வெட்டினால் உட்புறம் சரியாமல் நிற்கும்.