வாலிபாலில் லெஃப்ட் சைடும் அவுட்சைட் ஹிட்டரும் ஒன்றா?

ஒன்றுதான். லெஃப்ட் சைடு, அவுட்சைட் ஹிட்டர், நாலாம் நம்பர் அட்டாக்கர் எல்லாமே முன்வரிசையில் இடப்பக்கம் நின்று அடிப்பவர்தான். ரைட் சைடும் ஆப்போசிட்டும் அப்படியே. வீரர்கள் இடம் மாறும் சுழற்சியில், அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டருக்கு நேரெதிர் இடம் என்பதால் ஆப்போசிட் என்ற பெயர்.

"பின்னால் நிற்கும்போதும் ஏன் என்னை நாலு என்கிறார்கள்" என்று கேட்டிருந்தீர்கள். பொறுப்பும் இட எண்ணும் கலந்துபோவதுதான் காரணமாக இருக்கும். சர்வ் போடும் இடம் 1, முன்வரிசை வலமிருந்து 2, 3, 4, பின்னால் இடது 5, நடு 6. சுழலும்போது எண் மாறும், பொறுப்பு மாறாது.

ஆறு பேரையும் தாளில் வரைந்து, செட்டரிலிருந்து மூன்று இடம் எண்ணுங்கள். அங்கே இருப்பவர் ஆப்போசிட். அவருக்கு இருபுறமும் பாருங்கள்: ஒருவர் அவுட்சைட், மற்றவர் மிடில் (முன்வரிசை நடுவில் ஆடுபவர்). சரி, இது ஒரே செட்டரும் ஐந்து அடிப்பவர்களும் ஆடும் 5-1 அமைப்புக்குத்தான். இரண்டு செட்டர் ஆடினால் பொருந்தாது.

எதிரணி சர்வ் அடிக்கும் நொடிவரை மட்டும் சுழற்சி வரிசையைக் குலைக்காதீர்கள், புள்ளி போய்விடும். அப்புறம் உங்கள் இடத்துக்கு ஓடலாம்.