நீரை ஏற்க மறுக்கும் இழையும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

வேதியியலில் ஆர்வமுள்ள மகள், செயற்கை இழைகளாலான நெய்யாத துணிகளை (நூலாக நெய்யாமல் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்தவை) நிலையாக நீர் உறிஞ்சச் செய்யும் ஆய்வைத் தேர்ந்தெடுத்தால் எதிர்காலம் குறுகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோருக்கு இந்த அச்சம் இயல்பானதே. ஆனால் அவள் தேர்ந்திருப்பது மேற்பரப்பு வேதியியலின் கடினமான, பயன்மிக்க ஒரு கேள்வி.

டயப்பரில் குழந்தையின் தோலைத் தொடும் படலம் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் இழைகளால் ஆனது. அதன் பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன்மேல் பரவவிடும் ஈர்ப்பு, மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். நீரைத் துளியாகத் திரட்டி வைக்கும் அதன் பரப்பு இழுவிசையோ அறை வெப்பநிலையில் அதே அலகில் ஏறத்தாழ 72. ஆகவே நீர் துளியாகத் திரண்டு நிற்குமே தவிர உள்ளே இறங்காது. சோப்பைப் போல நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சர்ஃபாக்டன்ட் பூசினால் இறங்கும். ஆயினும் இழையோடு பிணையாத பூச்சு முதல் நனைப்பிலேயே பெருமளவு கழுவப்பட்டுவிடுவதால், அடுத்தடுத்த நனைப்புகளில் நீர் உட்புகத் தாமதமாகும். 'நிலையாக' என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது.

உருகிய பாலிமரிலேயே நீர்விரும்பும் சேர்க்கைப் பொருளைக் கலந்து, அது மெல்ல இழையின் மேற்பரப்புக்கு வரும்படி செய்வது ஒரு வழி. இதற்குப் பாலிமர் பொறியியல் அறிவு வேண்டும். பிளாஸ்மாவால் (மின்னூட்டம் பெற்ற வாயுவால்) மேற்பரப்பில் நீரை ஈர்க்கும் ஆக்சிஜன் தொகுதிகளை உருவாக்கலாம் என்றாலும், நாளடைவில் பாலிமர்ச் சங்கிலிகள் திரும்பி அத்தொகுதிகளை உள்ளே மறைத்துக்கொள்வதால் பலன் குறையும். புறஊதாக் கதிராலோ எலக்ட்ரான் கற்றையாலோ தூண்டி, அக்ரிலிக் அமிலம் போன்ற மூலக்கூறுகளை வேதிப்பிணைப்பால் இழையோடு ஒட்டவைக்கும் முறையே என் மதிப்பீட்டில் மாணவர் ஒருவர் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடியது. பிணைப்பு உறுதியானதால் பண்பும் நீடிக்கும். நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலங்களில் இரு மின்முனைகளையும் தொடாமல் பிரித்துவைக்கும் படலங்களிலும் இவ்வழி பயன்படுவதால், இந்த அறிவு டயப்பர் தொழிலோடு நின்றுவிடாது. வடிகட்டிகள், மருத்துவத் துணிகள், ஈரத்துடைப்பான்கள் ஆகியவற்றுக்கும் அது தேவைப்படுகிறது.

இளநிலையில் பொது வேதியியலைப் படிக்கட்டும். சிறப்புப் பிரிவுக்கு இப்போதே அவசரம் வேண்டாம். முதுநிலையில் பாலிமர் அல்லது துணி வேதியியலைத் தேர்ந்தெடுக்கும்போது, பாடத்திட்டத்தின் பெயரைவிட ஆய்வகத்தையே பாருங்கள். தொடுகோணத்தை (நீர்த்துளி பரப்பைத் தொடும் இடத்தில் அமையும் கோணத்தை) அளக்கும் கருவி இருக்கிறதா, ஒரே துணியை மீண்டும் மீண்டும் நனைத்து நீர் உட்புகும் நேரத்தை அளக்கும் சோதனையை மாணவர்களே செய்கிறார்களா, உறிஞ்சிய நீர் அழுத்தத்தில் மீண்டும் தோல்பக்கம் கசிவதையும் அளக்கிறார்களா என்று சேர்க்கைக்கு முன்பே துறைத் தலைவரிடம் கேளுங்கள்.